இல்லாத தம்பிக்கு ஒரு மருந்து

போன கிழமை மனைவியின் ரிப்போர்ட் எடுக்க டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். கர்ப்பப்பை வாயில் எடுத்த பரிசோதனை. இன்னொரு டெஸ்ட் செய்து பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி முறைத்திருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

ஏன் முந்தி வரவில்லை? நான்தான் வரவிடவில்லை. இந்தப் பத்திரிகைப் பத்தியில் இதுவரை மழை, மீன் விலை, பஸ் கண்டக்டர் என்று வசதியாக எழுதி வந்தவன் நான். இது வசதியான விஷயம் இல்லை…

பத்து மாதத்துக்கு முன்பு ஒருநாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது — மறைவிடத்தில் மூன்று சின்னப் பருக்கள். நோவு இல்லை, அரிப்பும் இல்லை. வெல்லாவெளியில் மைத்துனரின் வயல் வட்டையில் நெல் வெட்டுக்கு நின்றுவிட்டு வந்த நேரம். நெல் தூசி பட்டிருக்கும் என்று நினைத்தேன். ஒரு மாதம் போனது. மூன்று ஏழாயிற்று. ஒரு மாதமாக எந்தத் தூசி உடம்பில் நிற்கும்?

நான் தையற்காரன். மற்ற ஆம்பிளைகளின் இடுப்பையும் தொடையையும் அளந்து பிழைக்கிறவன். ஆனால் என் உடம்பைப் பற்றி வாய் திறக்க எனக்கு முடியவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கமும் எனக்கு ஒரு சாட்டாகிவிட்டது. கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். அவளுடைய ஊரான கல்லடியில் என்னைச் சுற்றி இருப்பதெல்லாம் மனைவியின் ஆட்கள். பாமசியில் நிற்பவர் அவளுடைய பெரியம்மாவின் மருமகன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துண்டுச்சீட்டு எழுதுகிறவர் அவளுக்கு மச்சாள். நான் என்ன மருந்து வாங்கினேன் என்ற செய்தி எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும்.

ஆகவே பஸ் ஏறிச் சித்தாண்டிக்குப் போனேன். அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. டொக்டருக்கு முன்னால் இருந்ததும் என் வாயில் வந்தது இதுதான்: "தம்பிக்கு டொக்டர்… மறைவான இடத்தில பரு மாதிரி."

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அப்ப தம்பியைக் கூட்டிக்கொண்டு வாங்க. பார்க்காம மருந்து தர ஏலாது."

எனக்குத் தம்பி இல்லை. அக்காமார் மூன்று பேர்.

வரும் வழியில் ஒரு பாமசியில் காலில் ஆணி என்று சொல்லி மருந்து வாங்கினேன். கால் ஆணிக்கு உள்ளதை அந்த இடத்தில் பூசினால் என்ன ஆகும்? ஒரு கிழமை நேராக நடக்க முடியவில்லை. வெந்த தோல் ஆறியது. பருக்கள் அப்படியே நின்றன, பிறகு கூடின. வெக்கை என்று சொல்லி என் பாயை விறாந்தைக்கு மாற்றிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் மிட்வைஃப் வீட்டுக்கு வந்து மனைவிக்கு ஒரு கார்ட் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பத்தைந்து வயதான பெண்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய், கர்ப்பப்பையில் புற்றுநோய்க்கு அறிகுறி இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்வதற்கு. போகவா என்று என்னிடம் கேட்டாள். அவளைச் சோதித்தால் என் விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று பயந்தேன். ஒரு நோய் வருத்தமும் இல்லாத ஆள் ஏன் கிளினிக்குக்கு அலைய வேண்டும் என்றேன். அவள் கார்டைக் கலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டாள். நான் வாயால் சொன்னவற்றில் மிக மோசமானது அதுதான்.

பிறகு ஒருநாள் நான் உடுத்த சாரத்தில் இரத்தம். துவைக்கும்போது கண்டுவிட்டாள். மூலம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு கிழமை உறைப்பில்லாத கறி, ஒவ்வொரு நாளும் கீரை. எவ்வளவு கவனமாகச் சமைத்தாள் தெரியுமா? மூன்றாவது கிழமை அந்தச் சோற்றைச் சாப்பிடாமல் மூடி வைத்துவிட்டு எழும்பினேன். டவுனில் உள்ள பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இலக்கம்தான். டொக்டரம்மாவுக்கு என் மகளின் வயதிருக்கும். பார்த்தது இரண்டு நிமிஷம். வைரஸால் வரும் மரு என்றார். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வெளியே வருமாம். யாரால், எப்போது என்று தேடிப் பயனில்லையாம். இப்படித் தெரிவதெல்லாம் நோயும் இல்லை, சில தோலின் இயல்பிலேயே இருப்பவை — ஆனால் எது எது என்று நேரில் பார்க்கும் டொக்டரால்தான் சொல்ல முடியும். புதிதாக வந்த பரு இரண்டு கிழமையில் போகாவிட்டால், பெருத்தால், கூடினால், வந்து காட்ட வேண்டும். புண், நோவு, இரத்தம் என்றால் அந்த இரண்டு கிழமையும் பொறுக்கக் கூடாது. கண்ட மருந்தையும் பூசக் கூடாது. இவ்வளவுதான். இதைக் கேட்கவா எனக்கு எட்டு மாதம்?

கடைசியாக அவர் கேட்டார்: "வைஃபையும் ஒருக்கா பார்க்கோணும். அவ சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனவவா?"

கார்ட் இன்னும் கலண்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது என்றேன்.

அன்று பின்னேரமே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் வெட்டிக்கொண்டிருந்த மீனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"என்னை அருவருத்துத்தான் விறாந்தையில படுக்கிறீங்க எண்டு நினைச்சன்" என்றாள். "எனக்கு வயசு போயிட்டுது, அதுதான் எண்டு…"

அடுத்த கிழமையே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு மரு இல்லை. கார்டில் சொன்ன கர்ப்பப்பைப் பரிசோதனையில்தான் ஏதோ ஒரு மாற்றம் தெரிகிறது. என்னால் வந்ததா என்று டொக்டரைக் கேட்டேன். மரு வரவைக்கும் வைரஸ் வகை வேறு, இதற்கு வேறு, யாரால் என்று சொல்ல முடியாது என்றார். சரி. போக வேண்டாம் என்று தடுத்தது யார் என்று சொல்வதற்கு டொக்டர் தேவையில்லையே.

என் மருக்கள் மருந்தில் சுருங்கி வருகின்றன. அவளுடைய டெஸ்ட் வருகிற மாதம்.

இதை அனுப்ப முன்பு அவளுக்கு வாசித்துக் காட்டினேன். உன் ஆட்களெல்லாம் படிப்பார்கள், அனுப்பவா என்று கேட்டேன்.

"அனுப்புங்க" என்றாள். "வெட்கப்பட்டது நீங்க… டெஸ்டுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஏறிப் படுக்கப்போறது நான்."