உப்பில் பதிந்த அளவு

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை, தூத்துக்குடி. அன்று காலை 4.50-க்கு எழுந்தேன். வழக்கம்போல முந்தைய நாள் டைரியை ஒருமுறை வாசித்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் நாற்பது நிமிடம் நடந்தேன். காற்று பலமாக இருந்தது. கண்ணில் மண் விழுந்து இரண்டு தடவை நிற்க வேண்டியதாயிற்று. 6.10-க்குக் குளியல். 7.15-க்கு நான்கு இட்லி. 7.50-க்கு ஸ்கூட்டரை எடுத்தேன், 8.20-க்கு என் மேஜையில் இருந்தேன். இவ்வளவும் அன்றைய பக்கத்தில் இருக்கிறது. இருபத்தேழு வருடமாக டைரி எழுதுகிறேன். ஒரு பக்கம்கூடக் காலியாக இல்லை.

உப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் அலுவலக மேலாளர். கப்பலுக்குப் போகும் ஆவணங்கள், வங்கிக்குப் போகும் தாள்கள், முதலாளியின் சொந்த விண்ணப்பங்கள், தொழிலாளர் பதிவேடு எல்லாம் என் பொறுப்பு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு ஆவணம் எழுத வேண்டுமென்றால் போன தடவை அனுப்பியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே எழுதுவோம். வாங்குபவர் பெயரில் ஒரு புள்ளி கூடினாலும் வங்கி திருப்பி அனுப்பிவிடும். ஆகவே எங்களுக்குச் ‘சரி’ என்றால், முந்தையதோடு ஒத்துப்போவது. அந்த மேஜையிலிருந்து தப்பு வராது என்று துறைமுகப் பக்கம் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எங்கள் முதலாளிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வோம். அவர் இத்தாலியில் செய்யும் ஒரு பந்தய மாதிரிக் காரைச் சொல்லி வைத்திருந்தார். இரண்டே பேர் உட்காரும் வண்டி. அந்தக் கார் கடையில் நிற்பதைப் பார்த்து வாங்க முடியாது. நிறம், சக்கரம், தோல், தையல் நூல் என்று ஒவ்வொன்றாக நாம் சொல்லி அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் தொழிற்சாலையில் வேலை தொடங்கும். அந்தப் பட்டியலை அனுப்ப அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள்.

அண்ணாச்சிக்கு அந்தப் பட்டியலில் நிஜமான ஆசை ஒன்றே ஒன்றுதான், சீட்டு. பதினான்கு வருடத்துக்கு முன் துபாயில் ஒரு வியாபார நண்பரின் காரில் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே வார்ப்பாகக் கார்பனில் செய்தது. இரண்டு பக்கமும் உயர்ந்து வந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். “வண்டியில உக்காந்த மாதிரியே இருக்காதுவே, வண்டிய உடுத்திக்கிட்ட மாதிரி இருக்கும்” என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டுக்காகத்தான் அந்த வண்டி என்றே சொல்லலாம்.

கார் கம்பெனியின் சென்னை ஷோரூமிலிருந்து ஒரு பெண் காலை விமானத்தில் வந்தார். முப்பது வயது இருக்கும். ஒரு பெட்டி நிறையத் தோல் துண்டுகளும் நிற அட்டைகளும் கொண்டுவந்திருந்தார். 10.30-க்கு மூவரும் உட்கார்ந்தோம். நிறம் கடல் நீலம் என்று ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பட்டனை அழுத்தினால் வண்டியின் மூக்கு நான்கு சென்டிமீட்டர் தூக்கும், வேகத்தடையில் தட்டாது என்று அந்தப் பெண் விளக்கினார்.

“நாலு காணாதும்மா” என்றார் அண்ணாச்சி. “எங்க ஹார்பர் ரோட்டப் பாத்துட்டுத்தான வாரீய? ஏணி ஏதும் ஆப்ஷன்ல உண்டா?”

வண்டி எங்கே நிற்கும் என்று அந்தப் பெண் கேட்டார். உப்பளத்துக்குப் பக்கத்தில், உப்புக் காற்றில் என்றோம். அவர் மடிக்கணினியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அதுக்கு ஆப்ஷன் இல்ல சார்” என்றார்.

12.25-க்கு அண்ணாச்சிக்கு ஏதோ ஒரு வெளிநாட்டு ஃபோன் வந்ததால் அவர் மாடிக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது சீட்டு அளவு மட்டும். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று அகலம். வாங்குபவரின் உயரம், எடை, இடுப்பளவைக் கேட்டார்கள். நான் பெருமையோடு பீரோவைத் திறந்து, முந்தின வருடம் அனுப்பிய காப்பீட்டு விண்ணப்பத்தின் நகலை எடுத்தேன். உயரம் 174. எடை 82. இடுப்பு 34 அங்குலம்.

அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இது ரீசன்டா எடுத்ததுதானே சார்?”

“போன வருசம் போட்ட ஃபாரம்மா. தப்பு இருக்காது.”

அவர் மீடியம் என்று குறித்துக்கொண்டார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியை ஒட்டிய கொட்டகையில் நானும் அண்ணாச்சியின் டிரைவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். எல்லாம் முடிந்த மாதிரிதான் என்று சொல்லி, ஃபோனில் அந்தச் சீட்டின் படத்தைக் காட்டினேன். டிரைவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதுல யாரு உக்காரப் போறா?”

“அண்ணாச்சிதான்.”

அவர் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். “வெளையாடாதீய சார். இருக்கிற பெரிய வண்டிலயே பெல்ட்டு எட்டலன்னு போன பொங்கலுக்கு முன்னால துண்டு பெல்ட்டு வாங்கி மாட்டிருக்கேன். இதுக்குள்ள அண்ணாச்சிய எறக்குனா, பெறவு கிரேன் வச்சித்தான் தூக்கணும். இப்பமே ஹார்பர்ல சொல்லி வச்சிருவமா?”

நான் சிரிக்கவில்லை. “ஃபைல்ல எம்பத்தி ரெண்டுன்னு இருக்கே” என்றேன்.

“ஃபைலையா வண்டில ஏத்தப் போறீய?”

கையைக் கழுவிவிட்டு நேராகப் பீரோவுக்குப் போனேன். 1.20-லிருந்து 1.45 வரை அண்ணாச்சியின் பழைய விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்தேன். மொத்தம் பதினோரு தாள்கள். எல்லாவற்றிலும் 82. கடைசியில் ஒரு மருத்துவர் கொடுத்த சான்றிதழ் இருந்தது. பதினான்கு வருடத்துக்கு முன் அவரை நிறுத்தி எடை பார்த்தவர் அந்த ஒருவர்தான். அடுத்த பத்துத் தாளும் நான் எழுதியவை. ஒன்றைப் பார்த்து ஒன்றாக, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் எழுதியிருந்தேன்.

இத்தனைக்கும் நான் அவரைத் தினமும் காலை 9.05-க்குப் பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய நாற்காலியின் கைப்பிடி விட்டுப்போனபோது, அகலமான நாற்காலி வேண்டும் என்று கடைக்கு எழுதியதே நான்தான். காரணத்தை அப்போதும் யாரும் பேசவில்லை. எங்கள் அலுவலகத்தில் அண்ணாச்சியின் உடம்பைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை.

ஆனால் ஐந்து மணி தாண்டிவிட்டால், அடுத்த வருடம் வண்டி வந்து இறங்கும். ஊரே வந்து நிற்கும். அவர் கதவைத் திறந்து, பதினான்கு வருடம் ஆசைப்பட்ட அந்தச் சீட்டில் உட்காரப் பார்ப்பார். முடியாது. அந்தக் காட்சியை நினைத்தபோது, மரியாதைக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. 2.05-க்கு மாடிக்குப் போய், நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். “இப்ப நான் எவ்வளவு இருப்பேன்னு நெனைக்கீரு?”

“தெரியாது அண்ணாச்சி. எடை போட்டாத்தான் தெரியும். இடுப்புக்கு டேப் வச்சு…”

“டேப்பெல்லாம் வேண்டாம்வே. நான் என்ன ஜாக்கெட்டா தைக்கப் போறேன்?” என்று எழுந்தார். படியிறங்கிக் கிட்டங்கிக்கு நடந்தார். நானும் ஷோரூம் பெண்ணும் பின்னால் போனோம்.

கிட்டங்கியில் உப்பு மூட்டைகளை நிறுக்கும் மேடைத் தராசு இருக்கிறது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றார். சிவப்பு எண்கள் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றன. 121.4.

இனி அகலம். உட்கார்ந்த நிலையில் எவ்வளவு என்று தெரிந்தால் போதும் என்றார் அந்தப் பெண். எப்படி அளப்பது என்று நாங்கள் விழித்தபோது, அங்கே வந்து நின்ற டிரைவர்தான் வழி சொன்னார். அன்று காலைதான் உப்பளத்திலிருந்து வந்த ஈர உப்பு ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. “அதுல உக்காந்து எந்திரிங்க அண்ணாச்சி. தடம் அப்படியே நிக்கும்.”

அவர் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து, மூட்டை தைக்கும் அம்மா ஒருவர் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். உப்பின் மேல் முதலாளி உட்கார்ந்திருப்பதையும், நாங்கள் மூன்று பேர் சுற்றி நிற்பதையும் பார்த்தார்.

“என்ன மொதலாளி, வாயத் தச்சிருவமா?”

“தச்சிரு தாயி. கப்பலுக்கு நேரமாச்சு” என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் சிரித்தோம். அவர் எழுந்ததும் நான் மண்டியிட்டு, உப்பில் பதிந்த தடத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஸ்கேலை வைத்தேன். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். அதை இரண்டு தடவை அளந்தேன்.

“லார்ஜே நாப்பத்தி நாலுதான் சார்” என்றார் அந்தப் பெண், மெதுவாக. “கார்பன் சீட் வராது. சாதாரண சீட் வசதியா இருக்கும்.”

அண்ணாச்சியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. “அந்தச் சீட்டு இல்லன்னா எனக்கு வண்டியே வேண்டாம்மா. வேண்டாம்னே எழுதிருங்க” என்றார்.

 டிரைவர் வெளியே போய்விட்டார். மூட்டை தைக்கும் அம்மா ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாததால் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால்தான் நேரம் தெரியும். 2.40-லிருந்து 2.52 வரை அண்ணாச்சி அந்தத் தடத்தைப் பார்த்தபடி நின்றார். துபாயில் அந்தச் சீட்டில் உட்கார்ந்தவருக்கு 82 கிலோ. அன்றுவரை அவர் மனதில் இருந்த உடம்பும் என் பீரோவில் இருந்த உடம்பும் ஒன்றுதான் என்பது எனக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் புரிந்தது.

பிறகு அவர் தலையைத் திருப்பாமலே கேட்டார். “சாதாச் சீட்டுல தையல் நூலு என்ன கலர்ல போடலாம்மா?”

“எந்தக் கலர்லயும் போடலாம் சார். வெள்ளை போட்டா நீலத்துக்கு எடுப்பா இருக்கும். ப்யூர் வைட்டா, ஆஃப் வைட்டா?”

“அந்தா கெடக்குல்லா, அது.”

அவர் காட்டியது உப்புக் குவியலை. அந்தப் பெண் சற்றும் யோசிக்காமல் ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்து, நிற அட்டைகளோடு பெட்டியில் வைத்துக்கொண்டார்.

4.35-க்குப் பட்டியல் போயிற்று. மதியம் குறித்த மீடியத்தை எப்படி மாற்றினீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “நான் அனுப்பவே இல்ல சார். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு, நீங்களே கேட்டுட்டு வருவீங்கன்னு வச்சிருந்தேன்” என்றார். “நான்தான் காலைல அவரை நேர்ல பாத்துட்டேனே.”

அவர் கிளம்பிய பிறகு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விடும் என்று நான் பயப்படவில்லை. அதைவிட மோசமாக, இனி என் தாள்களை அவர் நம்ப மாட்டார் என்றுதான் பயந்தேன்.

“எத்தன ஃபாரத்துலவே எம்பத்தி ரெண்டு?”

“பத்து அண்ணாச்சி.”

“எல்லாத்துலயும் என் கையெழுத்தா?”

“ஆமா.”

“அப்போ நாம ரெண்டு பேரும் சேந்துதான் என்னய இத்தன நாளு மெலிய வச்சிருக்கோம்” என்றார். பிறகு காப்பீட்டுக் கம்பெனிக்குச் சரியான எடையைச் சொல்லிக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அடுத்த வருடம் வண்டி வந்தது. அண்ணாச்சி முதல் தடவை உட்கார்ந்தபோது கதவு ஒரே தள்ளலில் மூடியது. எனக்கு மறக்காமல் இருப்பது அது அல்ல. 9-ஆம் தேதிக்கு மறுநாள் காலை.

அன்று 4.50-க்கு எழுந்தும் நடக்கப் போகவில்லை. 6.40-க்கே அலுவலகத்துக்குப் போனேன். தொழிலாளர் பதிவேட்டை எடுத்தேன். அதையும் வருடாவருடம் முந்தையதைப் பார்த்து நான்தான் எழுதுகிறேன். முதல் பக்கம் வாயில் காவலாளியுடையது. ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: மனைவி’ என்று இருந்தது; கீழே எண். பதிவேட்டோடு வாயிலுக்கு நடந்துபோய், இந்த எண் இப்போதும் இதுதானா என்று அவரிடம் கேட்டேன்.

அவர் எழுந்து நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அவ போயி மூணு வருசம் ஆச்சுல்லா சார். நீங்கதான மாலை வாங்கிட்டு வந்தீய?”

வாங்கிப் போயிருந்தேன். அது என் டைரியில் இருக்கிறது, ரோஜா மாலை என்றும் மாலை நான்கு மணி என்றும்கூட. அதற்குப் பிறகும் மூன்று வருடம் அந்தப் பெண்மணியின் எண்ணை என் கையால் அழகாக எடுத்து எழுதியிருக்கிறேன். அன்று காலை முதல் வேலையாக அந்த வரியை அடித்துவிட்டு, யாரை அழைக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல அங்கேயே நின்று எழுதினேன். ஒரு மனிதரைப் பற்றி எழுதும் முன் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதை ஐம்பத்திரண்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன், இன்னும் சில நாள் மறந்துவிடுகிறேன்.