அம்மா வந்திருப்பதாகச் சொன்னவள்

என் சின்னம்மாவுக்கு நான்கு பெண்கள். மூத்தவள் வாயாடி, இரண்டாமவள் கோபக்காரி, கடைக்குட்டி அழுமூஞ்சி. எனக்குத் தங்கை முறையான மூன்றாமவளுக்கு மட்டும் எந்தப் பட்டமும் ஒட்டவில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் அவளுக்கு ஒன்று வைத்தார்கள். தபாலக்கா.

அங்கே அவளுக்குப் பியூன் வேலை. மணி அடிக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும், சுற்றறிக்கை நோட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று மாடி ஏறி இறங்கியே முட்டி இரண்டும் போய்விட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் கவுன்சிலிங் மேடம் வரத் தொடங்கினார். மனசு சரியில்லாத பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுவதற்கென்றே படித்தவர். ஏழு பள்ளிக்கூடத்துக்கும் அவர் ஒருவர்தான். இங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் மதியம் வரைக்கும். ஆயிரத்து நூறு பிள்ளைகளில் ஒன்பது பேரைப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். முதல் மாடியில் விளையாட்டுச் சாமான் வைக்கிற அறையில் வலைகளை ஒரு மூலையில் தள்ளி, இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பேரும் வகுப்பும் எழுதிய சீட்டை மேடம் தருவார். இவள் கொண்டுபோய்ப் பிள்ளையை அழைத்துவர வேண்டும். முதல் நாள் விவரம் தெரியாமல், "கவுன்சிலிங் மேடம் கூப்பிடறாங்க" என்று வகுப்பு நடுவில் நின்று சொல்லிவிட்டாள்.

"டேய், லூசு வண்டி வந்தாச்சுடா! ஏறிக்கோ!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். வகுப்பே சிரித்தது. பேர் வந்த பிள்ளை மேசையைப் பிடித்துக்கொண்டு எழவே இல்லை.

அன்றிலிருந்து இவள் பொய் சொல்லிப் பழகினாள். ஒருத்தியிடம் நோட்டுக் கட்டைத் தூக்க ஆள் வேண்டும் என்பாள். இன்னொருத்தனிடம் சீருடைக்கு அளவெடுக்கிறார்கள் என்பாள். பாதிப் பேரிடம், வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்பாள். பிள்ளைகள் மாடிப்படி இறங்குவதற்குள் காதோடு உண்மையைச் சொல்லிவிடுவாள்.

"உங்க பொய்யிலதான்க்கா என் பொழப்பே ஓடுது" என்று மேடம் சிரிப்பார்.

"சம்பளத்துல பாதி குடுங்க மேடம்" என்பாள் இவள்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தாள். நோட்டில் ஒரு எழுத்து இல்லை, சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போகும். வகுப்பு டீச்சர் பேர் எழுதிக் கொடுத்தார். முதல் முறை மேடத்துக்கு ஏதோ பயிற்சி, வரவில்லை. அடுத்த முறை பரீட்சை என்று அறையில் மேசைகளை அடுக்கிவிட்டார்கள். மூன்றாவது முறைதான் சீட்டு எழுதப்பட்டது. ஆறு வாரம் ஆகியிருந்தது.

அவளுடைய அம்மா எட்டு மாதத்துக்கு முன்னால் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனவர். அது டீச்சருக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியும். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று சீட்டில் எழுதமாட்டார்கள். நல்லதுக்குத்தான். அதனால் என் தங்கைக்கு மட்டும் தெரியாது.

வகுப்பு வாசலில் நின்று, "பாப்பா, உங்கம்மா வந்திருக்காங்க, வா" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று இவள் என்னிடம் பலமுறை சொல்லிவிட்டாள். பெஞ்சைத் தாண்டிக் குதித்து, செருப்புகூடப் போடாமல் அந்தப் பெண் ஓடினாள். காதில் சொல்ல இவளுக்கு எங்கே நேரம்? முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்குவதற்குள் அவள் வாசல் கேட்டுக்குப் போய்விட்டாள்.

"யாரும் வரலியேம்மா" என்றார் வாட்ச்மேன். இவளைப் பார்த்ததும், "என்ன தபாலு, அட்ரஸ் மாறிப்போச்சா?" என்று வழக்கமான கேலியைத் தொடங்கி, இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அம்மா எங்கக்கா?" எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து வந்த பேச்சு அதுதான்.

"அம்மா இல்லடா கண்ணு. மேடம்தான் உங்கூடப் பேசணும்னாங்க. நான்தான் சும்மா..."

"நீங்கதானே சொன்னீங்க?"

அந்தப் பெண் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தாள். மேடம் இறங்கி வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். மற்ற எட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். மதியம் போகவேண்டிய பள்ளிக்கூடத்திலிருந்து போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னைத் திட்டிடுங்க மேடம்" என்றாள் என் தங்கை.

"உங்களத் திட்டி என்னக்கா ஆகப்போகுது? இந்தப் புள்ள பக்கத்துல தெனம் கொஞ்ச நேரம் ஒக்காரணும். நான் ஒக்கார முடியாது, அவ்வளவுதான்." புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து மேலே போனார்.

இரண்டு வாரம் கழித்து மேடம் வரவில்லை. ஏழு பள்ளிக்கூடத்தைப் பன்னிரண்டாக்கிவிட்டார்கள், இந்தப் பக்கம் வர நாளாகும் என்று ஆபீசில் சொன்னார்கள். எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு, கடிதம் வந்தால்தான் தெரியும் என்றார்கள். பிள்ளையின் அப்பாவுக்கு டீச்சர் ஆள் அனுப்பினார். ஷிப்டு வேலை, லீவு கிடைக்கவில்லையாம்.

அந்தப் பெண் இப்போது இடைவேளை விட்டதும் கேட்டுக்குத்தான் போகிறாள். வாட்ச்மேன் ஸ்டூல் போட்டுக் கொடுத்தும் உட்காருவதில்லை. போன வாரம் என் தங்கை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாளாம்.

"அக்கா, அன்னிக்கு நான் மெதுவா ஓடி வந்துட்டேனா? அதான் அம்மா போயிட்டாங்களா?"

"ஐயோ, இல்லடா தங்கம். உங்கம்மா வரவே இல்ல. அது நான் சொன்ன பொய்டா."

"பொய் சொல்லாதீங்கக்கா" என்றாளாம் அந்தக் குழந்தை.