ஆயுத பூஜைச் சுத்தம்

வீட்டு பிளான் வரைந்து கொடுக்கும் எங்கள் இன்ஜினியருக்குத் திண்டுக்கல் நாகல் நகரில் ஓர் ஆபீஸ், நத்தத்தில் ஓர் ஆபீஸ். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. மொத்தம் ஏழு பேர், ஆளுக்கொரு ஃபோல்டர். அந்த ஏழும் இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்களிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்டர்நெட்டில் ஒரு படம் போய்ச் சேருவதற்குள் பஸ்ஸே போய்விடும். அதனால் சனிக்கிழமைதோறும் சிடியோடு நத்தம் பஸ் ஏறுவேன். மாம்பழக் காலத்தில் கூடைகளுக்கு நடுவே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றே போயிருக்கிறேன். அந்தப் பயணங்களுக்காக இன்றும் மனசு ஏங்குகிறது.

நத்தம் ஆபீஸில் ஓர் அக்கா இருந்தார். டைப் அடிக்க வந்தவர், பக்கத்தில் நின்று பார்த்தே பிளான் வரையக் கற்றுக்கொண்டவர். நான் போனதும் "வாங்க தம்பி, செத்த நேரம் உக்காருங்க, இத முடிச்சிட்டு வாரேன்" என்பார். வரைய உட்கார்ந்துவிட்டால் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது அவருக்கு.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அக்கா ஆபீஸைக் கழுவித் துடைத்தார். கையோடு கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்தார். வெளியே துணியால், உள்ளே டெலீட் பட்டனால். திண்டுக்கல் ஆட்களின் நான்கு ஃபோல்டர்களும் திண்டுக்கல்லில் பத்திரமாக இருக்கின்றனவே என்பது அவர் நினைப்பு. நினைப்பில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு என்னுடையது. நான் எழுதி வைத்திருந்த குட்டி புரோகிராம், ஓர் ஊரில் அழித்ததை அடுத்த ஊரிலும் அழித்துவிடும். அதை எழுதிய அன்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை, யாரிடமும் விளக்கிச் சொல்லவும் இல்லை. பூஜை முடிந்த சனிக்கிழமை நத்தம் போய், அங்கே இருந்ததைச் சிடியில் ஏற்றி வந்து வழக்கம்போல அதை ஓட்டினேன். திங்கட்கிழமை காலையில் நாகல் நகரிலும் அந்த நான்கு ஃபோல்டர்களைக் காணோம்.

இன்ஜினியர் நத்தத்துக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"யாரும்மா கை வச்சது?"

"நான்தான் சார். அங்கிட்டுத்தான் இருக்கே, இங்க எதுக்கு ரெண்டாக் கெடக்கணும்னு பெருக்கித் தள்ளிட்டேன். கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற அந்தக் குப்பைத் தொட்டியையும் கொட்டிட்டேன் சார்."

ஆபீஸே சிரித்தது. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சிடி தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

காப்பாற்றியது சாமிதான். பூஜையில் ஸ்கேல், பேனாவோடு எல்லாம் அடங்கிய ஒரு சிடியையும் வைத்திருந்தேன். சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் போட்டால், பூஜைக்குப் பிறகு செய்த ஒன்றிரண்டு வேலை தவிர அத்தனையும் இருந்தது. ஆளாளுக்கு என் முதுகைத் தட்டினார்கள். இன்ஜினியர் பரோட்டா வாங்கித் தந்தார். வெட்கமில்லாமல் தின்றேன்.

அக்காவை இனி கம்ப்யூட்டர் பக்கமே விட வேண்டாம் என்று முடிவாயிற்று. போன் எடுப்பதும் வருகிறவர்களை உட்கார வைப்பதும் அவர் வேலையானது. அடுத்த சனிக்கிழமை, அவர் படங்களை வேறொருவருக்கு மாற்றிவிட்டு அவருடைய ஃபோல்டரை எடுத்துவிடச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடி வீட்டு பிளான் பாதிதான் தம்பி முடிஞ்சிருக்கு. அடுப்படி சன்னலக் கெழக்கால வைக்கணும்னு அந்தம்மா அம்புட்டு ஆசையாச் சொல்லிட்டுப் போனாங்க. யாரு வரையப் போறாகளோ, அவுககிட்ட மறக்காமச் சொல்லிருங்க."

"சொல்லிர்றேன்க்கா" என்றேன். அன்றைக்கு அவரிடம் நான் சொன்னது அவ்வளவுதான்.