அவள் காதும் என் உதடும்

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதற்கு மறு வருஷத்து மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தபால்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரான்ஸ் பட்டாளத்தில் சொல்தாவாக, அதான் சிப்பாயாக, இருந்த மச்சான், தன் தங்கைக்கு, அதாவது என் மனைவிக்கு, அனுப்பிய காது மெஷின். சின்ன வயசுக் காய்ச்சலில் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது.

நான் மில்லில் தறி ஓட்டினேன். அந்தச் சத்தத்தில் குரல் எடுபடாது. மேஸ்திரியைத் திட்டுவதுகூட வெறும் உதட்டசைவில்தான். அதனால் வீட்டிலும் எனக்குச் சிரமமில்லை. நான் உதட்டை அசைத்தால் அவள் கைவேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பாள்.

மெஷினை மாட்டிக்கொண்டு என்னைப் பேசச் சொன்னாள். பேசினேன்.

"ஒங்க கொரலு இவ்ளோ கீச்சா இருக்கும்னு நெனைக்கல."

"வேணும்னா கழட்டிடு."

"ஏன் கழட்டணும்? பக்கத்து வூட்டு அக்கா மாமியாரத் திட்டி மொணகுறதுகூட கேக்குது."

தறியில் மங்கிய என் காதைவிட அவள் காது கூர்மையாகிவிட்டது. பரணில் எலி என்பாள். எனக்குக் கேட்காது, ஏறிப் பார்த்தால் எலி இருக்கும். எங்கள் தெருப் பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். மனுஷிக்கு இவ்வளவு காது ஆகுமா என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். எனக்கு அதுவல்ல கவலை. நான் பேசும்போது அவள் குனிந்து மீன் அரிந்துகொண்டே 'உம்' போட்டாள். கேட்பதற்கு என் முகம் வேண்டியிருக்கவில்லை.

மெஷினுக்குப் போடும் பாட்டரிக் கட்டை தீர்ந்தது. அந்த அளவு இங்கே கிடைக்காது. மச்சான் அனுப்பினார். அவள் பூசைக்குப் போயிருந்தபோது வந்தது. பரணில் சாக்குக்கடியில் வைத்துவிட்டேன்.

இருபது நாள் மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். அந்த இருபது நாளை இன்றைக்கும் தேடுகிறேன்.

"கட்டை வரலியா?"

"கப்பல் வரல," என்று உதட்டை அசைத்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். "ஒதட்டப் படிக்கிறவகிட்டயா பொய் சொல்றீங்க? எங்க வெச்சிருக்கீங்க?"

எடுத்துக் கொடுத்தேன்.

"காது என்னுது," என்றாள். சண்டை போடவில்லை. சாகும்வரை மாட்டியிருந்தாள்.

இப்போது மண்டைக்குள்ளேயே மெஷின் வைக்கிறார்களாம். நல்ல காதையும் இன்னும் கூர்மையாக்குவார்களாம். சரியா தப்பா, எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது வைத்துக்கொண்டால், பக்கத்தில் இருப்பவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: கட்டையை ஒளிக்க வேண்டாம். என்னைக் கொஞ்சம் பாரேன் என்று வாய்விட்டுக் கேட்கட்டும். எலி ஓடுவதே கேட்ட காது அது. நான்தான் அவளிடம் அப்படிக் கேட்கவே இல்லை.