எனக்கா பயம்?

அந்த ரத்த வங்கியின் ஸ்பிரிட் வாசனையும், டேவிட் தலையில் வழிந்த தேங்காயெண்ணெய் வாசனையும் இன்னும் மூக்கிலேயே நிற்கின்றன...

அப்போது எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன். மூன்று பேர் ரத்தம் கொடுத்தால்தான் மறுநாள் லிஸ்டில் பெயர் ஏறும் என்று சொல்லிவிட்டார்கள். யார்டு கூட்டாளிகள் டேவிட்டையும் வெல்டர் பஷீரையும் கூட்டிக்கொண்டு ராயபுரத்தில் ஆட்டோ ஏறினேன்.

ஐந்தடுக்குக் கன்டெய்னர் மேல் செருப்போடு நடக்கிறவன் டேவிட். அவனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

பஷீர் சும்மா வந்தானா? "மாமு, ஊசி இன்னா சைஸ் தெரியுமா? சைக்கிள் போக்ஸ் கம்பி மாதிரி கீது!"

டேவிட் சிரித்தான். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். "எனக்கா பயம்? ரெண்டு பாட்டிலா எடுத்துக்கச் சொல்லு."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

அங்கே நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்து முடித்தேன். அடுத்து பஷீர். அவன் பை நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்ற டேவிட், ஊசி தன் பக்கமே வராத நேரத்தில், தடாலென்று விழுந்தான். தாடையில் மூன்று தையல். தரையெல்லாம் ரத்தம்... அவனுக்கென்று வைத்திருந்த பையில் ஒரு சொட்டு இல்லை.

ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போனது. அப்பா வலியில் முனகிக்கொண்டே கிடந்தார். டேவிட்டைக் கிழி கிழியென்று கிழித்தேன். "பயமா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா வேற ஆள இட்டாந்திருப்பேன்ல?"

"எப்டிடா சொல்றது? நீங்கதான் சிரிச்சிகினே வந்தீங்களே..."

ஆனாலும் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. என்ன மனுஷனோ நான்!

போன மாதம் அவன் மகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. ஓடினேன். இப்போது இரண்டு பேருக்குமே தலை நரைத்துவிட்டது. ஊசியை எடுப்பதற்கு முன்பே நர்ஸ் பெண் டேவிட்டிடம் கேட்டாள். "அண்ணா, பயமா இருக்கா?"

"ரொம்ப பயமா கீதும்மா."

அவ்வளவுதான். படுக்க வைத்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள். மயக்கம் வராமலிருக்கக் கால் தசையை இறுக்கி இறுக்கி விடச் சொல்லி, பேரனா பேத்தியா என்று பேச்சுக் கொடுத்தாள். பை நிறைந்துவிட்டது.

ஒரே ஒரு கேள்வி! அன்றைக்கு அந்த ஆட்டோவில் நான் கேட்டிருக்கக் கூடாதா...

இதைவிடக் கடுப்பு, அடுத்து அவள் என்னிடம் கேட்டதுதான். "உங்களுக்குண்ணா?"

"எனக்கா? சேச்சே" என்றேன். மடித்த சட்டைக் கையை மறுபடி கீழே இறக்கிவிட்டேன்.

ஜூஸ் டம்ளரோடு டேவிட் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பொய் சொல்றாம்மா. இவனையும் ஜன்னல் பக்கம் திருப்பு."