தொட்டிக்கு விட்ட நல்ல தண்ணீர்

வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் ஆய்வகத்தில் எனக்கு முதல் வேலை. இரண்டாயிரங்களின் கடைசி வருஷங்கள். துணியில் சாயம் பிடிக்க உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீரிலேயே பிழைத்து, மிச்சச் சாயத்தைத் தின்னும் நுண்ணுயிரிகளை ஒரு சின்னத் தொட்டியில் எட்டு மாதமாக வளர்த்து வந்தேன்.

தண்ணீரில் உப்பு ஏறினால் அவற்றின் ஜீன்களில் சில விழித்துக்கொள்ளும். உடம்பு வற்றிப் போகாமல் இருக்க உள்ளுக்குள் ஒரு காப்புப் பொருளைச் சேர்க்கும். உப்பு இறங்கினால் அந்த ஜீன்கள் அடங்கி, சேர்த்த பொருளும் வெளியேறும். ஆனால் மெள்ள மெள்ள இறங்க வேண்டும். திடீரென்று நல்ல தண்ணீர் வந்தால் அது உள்ளே பாய்ந்து செல் வெடித்துவிடும். இதையெல்லாம் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். தொட்டியைப் பார்த்துக்கொண்ட அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. வால்வு திருப்புகிறவருக்கு ஜீன் எதற்கு என்று படித்த திமிர் எனக்கு.

அவர் நொய்யல் கரையில் விவசாயம் பார்த்தவர். சாயக் கழிவால் கிணறு உப்பாகி, அதைக் குடித்த எருமைகளும் செத்து, வேறு வழியில்லாமல் எங்கள் பட்டறைக்கே வேலைக்கு வந்தவர்.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். நான் இரண்டு நாள் லீவு போட்டிருந்தேன். திரும்பி வந்தபோது தொட்டியின் விளிம்பில் சந்தனம், குங்குமம். உள்ளே வெறும் நுரை, ஒரு கெட்ட வாடை.

“உப்புத் தண்ணிய எறக்கிட்டு லாரித் தண்ணி உட்டனுங்க அம்மிணி. நாம குடிக்கிற தண்ணிதானுங்க. வருசம் பூரா உப்புலயே கெடக்குதுங்களே, பூசையன்னைக்காச்சும் நல்லதக் குடிக்கட்டுமுங்க” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

மைக்ராஸ்கோப்பில் முழுசாக ஒரு செல்லாவது தெரியாதா என்று மதியம் வரை தேடினேன்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “நல்ல தண்ணி ஊத்தக் கூடாதுன்னு இவருகிட்டச் சொல்லியிருந்தீங்களா?”

வேலை போய்விடுமே என்ற பயம். “சொன்னேன் சார்” என்றேன்.

அண்ணன் என்னை ஒரு முறை பார்த்தார். “ஆமாங்க, அம்மிணி சொல்லுச்சுங்க. நாந்தான் மறந்துட்டனுங்க.”

அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டார்கள். சோற்றுத் தூக்கோடு கேட்டைத் தாண்டப் போனவரின் பின்னால் ஓடினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர்தான் திரும்பிக் கேட்டார்.

“பூராவுமே செத்துப்போச்சுங்களா, அம்மிணி?”

ஆமென்று தலையாட்டினேன். அங்கேயே நின்று அழுதுவிட்டார்.