துரு ஏறிய என் பாத்தி

தம்பி கல்யாணத்துக்கு மானகிரிக்கு வந்திருந்தேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள், பந்தலில் பெண் வீட்டாரை உட்காரவைத்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு படம் வந்தது. நீலகிரியில் என்னோடு கோதுமை ஆராய்ச்சி செய்யும் தோழி அனுப்பியிருந்தாள். இலை முழுக்க ஆரஞ்சு நிறப் பொடி. துரு நோய். கீழே ஒரே வரி: "உன் பாத்திதான்."

அது துரு பிடிக்கக் கூடாத ரகம். நோயைத் தடுக்கும் ஒரு மரபணுவை நல்ல விளைச்சல் உள்ள கோதுமைக்குள் கொண்டுவரத்தான் இத்தனை வருஷமும் கலப்பு செய்துகொண்டிருந்தேன். அந்த மரபணு இருந்தால், துரு விழுந்த இடத்தில் இலை தன்னையே கருக்கிக்கொண்டு நோயை அங்கேயே நிறுத்திவிடும். இப்போது நிற்கவில்லை. விதை கலந்துவிட்டதா, இல்லை துருப் பூஞ்சையே மாறிவிட்டதா?

"என்னத்தா, சம்பந்தக்காரக வந்திருக்காக, நீ அங்குட்டும் இங்குட்டும் அலையுறே?" என்றார் அம்மா.

"என் பயிருக்கு நோவு வந்துருச்சும்மா."

"கோதுமைக்கா? அதைக் கடையில வாங்கிக்கிட்டாப் போச்சு" என்று அயித்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லைப்பக்கம் போய்த் தோழியை அழைத்தேன். அங்கே மழை பிடித்துக்கொண்டது, அவளால் மறுபடி வயலுக்குள் இறங்க முடியவில்லை.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் பையை எடுத்தேன். "ஒரு போட்டோவுக்காச்சும் நில்லுக்கா" என்றான் தம்பி. நின்றேன். அந்தப் படத்தில் நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மலைக்குப் போய் இலைகளைச் சோதித்துப் பார்த்தோம். விதை கலக்கவில்லை. எல்லாச் செடியிலும் அந்த மரபணு இருந்தது. மாறியது பூஞ்சைதான். ஒற்றைப் பூட்டுக்குச் சாவி கண்டுபிடித்துவிட்டது. பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகுதான் கடைசி வரிசைக்குப் போனேன். தனித்தனியே பலவீனமான சில மரபணுக்கள் ஒன்றாகச் சேர்ந்த ரகம் அங்கே இருந்தது. எப்போதும் நாலு துருப் புள்ளியாவது இருக்கும் என்பதால் ஒதுக்கிவைத்திருந்தேன். இப்போதும் அதே புள்ளிகள்தான், அதற்கு மேல் பரவவில்லை. கதிரைக் கசக்கினேன், மணி திரண்டிருந்தது.

அடுத்த பருவத்தில் அதைத்தான் விதைத்தோம். இதுவரை தாக்குப்பிடிக்கிறது. ஆனாலும் வயலுக்குப் போய் இலையைப் புரட்டிப் பார்க்காமல் எனக்குக் காலையில் டீ இறங்குவதில்லை.